மணிக்கட்டு விழுந்த மாதங்கள்

பிறர் நோய்ப்பட்ட கதைகளை நான் நிறையக் கோத்திருக்கிறேன். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வரிவரியாக அடுக்கி அச்சுக்குத் தயார் செய்கிற கம்பாசிட்டர் நான். கோலாலம்பூரில் பத்து ரோட்டுப் பக்கம் ஒரு தமிழ் அச்சுக்கூடத்தில் பதினொரு வருஷமாக அதுதான் பிழைப்பு. ஊரில் ஒரு கனவானுக்கு அம்மை கண்டு இறங்கினால் போதும், எட்டுப் பக்கம் எழுதிக்கொண்டு வந்துவிடுவார். உனக்குக் காய்ச்சல் வந்ததை ஊருக்கு எதற்கப்பா சொல்கிறாய் என்று முணுமுணுத்துக்கொண்டே கோப்பேன். இப்போது நானே எழுத உட்கார்ந்திருக்கிறேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். என்னைப்போல ஈயத்தோடு புழங்குகிறவர்களுக்கும், அதைவிட முக்கியமாக அவர்கள் வீட்டுப் பெண்களுக்கும் தெரியவேண்டிய சங்கதி ஒன்று இதில் இருக்கிறது.

முதலில் வந்தது வயிற்றுவலி. தொப்புளைச் சுற்றி ஈரத்துணியை முறுக்கிப் பிழிகிற மாதிரி வரும். குப்புறப் படுத்துத் தலையணையை வயிற்றுக்கடியில் அழுத்திக்கொண்டால் கொஞ்சம் அடங்கும். நாலைந்து நாளைக்கு வெளிக்குப் போகாது. வாயு என்றார்கள், உடம்புச் சூடு என்றார்கள். ஓமம், பெருங்காயம், விளக்கெண்ணெய் எல்லாம் ஆயிற்று. ரப்பர் விலை விழுந்து, வேலையில்லாதவர்களைக் கூட்டங்கூட்டமாகக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. வயிறு வலிக்கிறது என்று எவன் வேலைக்குப் போகாமல் இருப்பான்? நானும் போய்க்கொண்டிருந்தேன்.

அப்புறம் கை. ஒரு நாள் காலை ஒரு கல்யாணப் பத்திரிகை கோத்துக்கொண்டிருந்தேன். மேல் வரிசைப் பெட்டியிலிருந்து எழுத்தை எடுக்க வலது கையை நீட்டினேன். நடுவிரலும் மோதிரவிரலும் எழும்பவில்லை. மரத்துப்போயிருக்கும் என்று உதறிக்கொண்டேன். ஆனால் மரத்துப்போகவில்லை, வலியும் இல்லை. மடக்கினால் மடங்குகிறது, நீட்டினால் நீளவில்லை. பத்து நாளில் மணிக்கட்டே விழுந்துவிட்டது. கையை முன்னால் நீட்டிப் பிடித்தால், ஈரத்துண்டைக் கொடியில் போட்ட மாதிரி மணிக்கட்டிலிருந்து தொங்கும். ஒரு கம்பாசிட்டருக்கு வலது கை போனால் மீதி என்ன இருக்கிறது? முதலாளி நல்லவர், போய் உடம்பைப் பார் என்றார். எனக்குப் பதில் ஆள் தேடுகிறார் என்பதும் இரண்டு நாளில் காதுக்கு வந்தது.

என் மனைவி குஞ்சம்மாள் கும்பகோணத்துப் பக்கம். கல்யாணமாகி இங்கே வந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே லயன் வீடுகளுக்குப் பின்னால் ஓர் அறையும் அடுப்படியுமாகக் குடியிருந்தோம். கடைசி மூன்று வருஷத்தில் அவளுக்கு இரண்டு முறை வயிற்றில் தரித்து, இரண்டு முறையும் தங்காமல் போயிற்று. ஒன்று நாலாம் மாதம், ஒன்று ஆறாம் மாதம். அதிலிருந்து எது கெட்டாலும் தன் ராசி என்று சொல்கிற வழக்கம் அவளுக்கு வந்துவிட்டது. பால் திரிந்தால் அவள் ராசி. என் கை தொங்கியபோது சூடு பறக்க எண்ணெய் தேய்த்துக்கொண்டே, "எங்கிட்ட வந்தது எதுதான் தங்கிச்சு, இது தங்கறதுக்கு," என்றாள். வாயை மூடு என்று அதட்டினேன். அதட்டுவதுதான் எனக்குத் தெரிந்த ஆறுதல்.

எண்ணெய் தேய்த்தவர்கள் வாதம் என்றார்கள். செய்வினை என்று ஒருவர் சொன்னார். இதையெல்லாம் தாங்கிக்கொண்டேன். தாங்கமுடியாதது ஒன்று பொதுக் குழாயடியில் நடந்தது. என் முதுகில், தோளுக்குக் கீழே உள்ளங்கையகலத்துக்கு வெளிறிய தேமல் ஒன்று இருந்தது. குளித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு ரயில்வேக்காரர் அதைப் பார்த்தார், பிறகு என் தொங்குகிற கையைப் பார்த்தார். தன் வாளியை எடுத்துக்கொண்டு தள்ளிப்போய் நின்றுகொண்டார்.

பெருவியாதி. அதுதான் அவர் நினைத்தது. அன்றைக்கே நானும் நினைத்துவிட்டேன். அந்த வியாதி என்று டாக்டர் எழுதிவிட்டால் சர்க்கார் வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போகும். பெருவியாதிக்காரர்களுக்கென்று ஊருக்கு வெளியே குடியிருப்பு இருக்கிறது. போனவர்கள் திரும்பி வந்ததை நான் பார்த்ததில்லை. கை போவது ஒரு பயம் என்றால், குஞ்சம்மாளை முன்பின் தெரியாத ஊரில் தனியாக விட்டுவிட்டுப் போவது அதைவிடப் பெரிய பயம். ஆஸ்பத்திரிக்குப் போகாமல் மூன்று வாரம் ஒளிந்துகொண்டிருந்தது அதனால்தான். இழுத்துக்கொண்டு போனவள் அவள்.

பெரிய ஆஸ்பத்திரியில் வெளிநோயாளிகள் உட்காரும் இடத்தில் நீள நீளமான பெஞ்சுகள். காலையில் போனவனை மத்தியானம் கூப்பிட்டார்கள். கால் வீங்கிய சீனத் தொழிலாளிகள், காய்ச்சலில் நடுங்கிய தோட்டத்து ஆட்கள், மடியில் குழந்தைகளோடு மலாய்ப் பெண்கள். குஞ்சம்மாள் என் வலது கையைத் தன் முந்தானையால் மூடி வைத்திருந்தாள். யாரும் பார்க்கக்கூடாதாம்.

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். ஒல்லியான மனிதர், தடித்த கண்ணாடி. முதல் வார்த்தையிலேயே என்னை 'நீர்' என்றார், எனக்குச் சுருக்கென்றது. அவர்கள் ஊரில் அது மரியாதைதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். நோயை 'வருத்தம்' என்பார். கையைப் பார்த்ததும் மருந்துச் சீட்டு எழுதப்போகிறார் என்று நினைத்தேன். மனிதர் கையை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் பார்த்தார். சிரி என்றார், பல்லைக் காட்டு என்றார், கண்ணை இறுக மூடச் சொல்லி விரலால் திறக்கப் பார்த்தார். கோடு போட்ட மாதிரி குதிகாலும் விரலும் ஒட்ட நடக்கச் சொன்னார். ரப்பர் சுத்தியலால் முழங்காலில் தட்டினார், கால் துள்ளியது. மூத்திரம் தடையில்லாமல் போகிறதா என்றார். கை விழுந்தவனிடம் மூத்திரத்தைப் பற்றிக் கேட்டால் கோபம் வராதா? எனக்கு வந்தது. கையைப் பாருங்களேன் என்று சொல்லிவிட்டேன்.

அவருக்குக் கோபம் வரவில்லை. "கையிலை விழுந்தது தெரியுது. எந்த இடத்திலை அறுந்ததெண்டு தெரியவேணும்," என்றார். "இடத்தைக் கண்டுபிடிச்சாப் பிறகுதான் காரணத்தைக் கேக்கலாம்."

அவர் விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன். கையைத் தூக்கு என்கிற உத்தரவு மூளையிலிருந்து கிளம்புகிறது. முதுகெலும்புக்குள் இருக்கிற தண்டு வழியாக இறங்கி, கழுத்தருகே நரம்பாகப் பிரிந்து, கை வழியே ஓடித் தசைக்கு வருகிறது. இந்த வழியில் எங்கே கெட்டாலும் கை விழும். ஆனால் கூட விழுகிறவை வேறு வேறு. மூளையில் கெட்டிருந்தால் பெரும்பாலும் முகமும் காலும் அதே பக்கம் இழுத்திருக்கும். தண்டில் கெட்டிருந்தால் கால் தள்ளாடும், மூத்திரம் தடைப்படும். அச்சான தாளில் ஓர் எழுத்து விழவில்லை என்றால் நாங்களும் இப்படித்தான் தேடுவோம்: எழுதியவர் விட்டாரா, கோத்தவன் விட்டானா, மை படவில்லையா என்று. இதைச் சொன்னதும் அவர் முதல் முறையாகச் சிரித்தார்.

பிறகு கையில் இறங்கினார். ஊசி முனையாலும் பஞ்சாலும் மாற்றி மாற்றித் தொட்டு, கண்ணை மூடிக்கொண்டு எது எது என்று சொல்லச் சொன்னார். சுடுதண்ணீரும் பச்சைத்தண்ணீரும் ஊற்றிய கண்ணாடிக் குழாய்களை வைத்துப் பார்த்தார். விரல், உள்ளங்கை, கட்டைவிரலின் பின்புறம், எங்கும் எனக்கு நன்றாகத் தெரிந்தது. என் முழங்கைக்குப் பின்னால் எலும்புப் பள்ளத்தில் ஓடுகிற நரம்பை விரலால் உருட்டி, தடித்திருக்கிறதா என்று தடவினார். கடைசியில் சட்டையைக் கழற்றச் சொல்லி அந்தத் தேமலுக்கு வந்தார். பஞ்சால் தொட்டார். தெரிகிறது என்றேன். ஊசியால் குத்தினார். தெரிகிறது என்று கத்தினேன்.

பெருவியாதி நரம்பைப் பிடித்தால் முதலில் போவது உணர்ச்சி என்றார். சுட்டாலும் தெரியாது, வெட்டினாலும் தெரியாது. நரம்பும் தடித்துப் போகும். எனக்கு உணர்ச்சி ஓர் அணுவும் போகவில்லை, பலம் மட்டும் போயிருக்கிறது. அதுவும் நீட்டுகிற பலம் மட்டும். கை நரம்பைத் தேர்ந்தெடுத்து, அதிலும் பலத்தை மட்டும் தின்கிற பொருட்கள் மிகச் சில. என் தொழில் என்ன என்று அப்போதுதான் கேட்டார். சொன்னேன். வாயைத் திறக்கச் சொன்னார்.

ஈயம் உடம்பில் ஏறியவர்களுக்குப் பல் ஈறின் ஓரத்தில் மை தீட்டிய மாதிரி நீலக்கோடு விழுமாம். என் வாயில் என்ன தெரியும்? பதினைந்து வருஷத்து வெற்றிலைக் கறை. பல்லும் ஈறும் ஒரே காவி. மனிதர் விளக்கைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்துவிட்டு, இந்தக் காட்டுக்குள்ளே எதைத் தேடுவது என்கிற முகத்தோடு நிமிர்ந்தார். வெற்றிலையை விடு, வார்டில் படு, கரியும் உப்பும் போட்டுத் தேய் என்று உத்தரவு. வெற்றிலையை விடுவது கையைவிடப் பெரிய கஷ்டமாக இருந்தது. எட்டாம் நாள் ஈறு வெளுத்தது. கீழ் வரிசையில் நீலக்கோடு இருந்தது. விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தமெடுத்துக் கண்ணாடியில் தேய்த்து, சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். சிவப்பு அணுக்களில் நீலப்புள்ளிகள் என்றார் டாக்டர். அதுவும் ஈயத்தின் கையெழுத்தாம்.

ஈயம்! இத்தனை வருஷமாக அதைக் கையாண்டு, கழுவாத விரலால் வெற்றிலை மடித்து, இரண்டு கையும் வேலையாக இருந்தால் எழுத்தை உதட்டிலே கவ்விக்கொண்டு வேலை செய்திருக்கிறேன். எங்கள் தொழிலில் எல்லோரும் செய்கிறதுதான். காரணம் தெரிந்துபோயிற்று. பெருவியாதி இல்லை. குஞ்சம்மாள் அங்கேயே நின்ற இடத்தில் கையெடுத்துக் கும்பிட்டாள். அச்சுக்கூடத்தை விட்டு விலகி இருந்தாலே வயிறு இரண்டு மூன்று வாரத்தில் சரியாகும், கைக்கு மாதக்கணக்கில் ஆகும், ஆனால் வரும் என்றார் டாக்டர். மணிக்கட்டு தொங்காமலிருக்க ஒரு பலகைத்துண்டில் பஞ்சு சுற்றிக் கட்டினார்கள். பேதி உப்பு, நிறையப் பால், ஒரு கசப்புத் தண்ணீர் மருந்து.

மூன்றாம் கிளாஸ் வார்டில் வரிசையாகக் கட்டில்கள். எனக்கு அடுத்த கட்டில் சாலாக் செலாத்தான் வெள்ளீயச் சுரங்கத்தில் வேலை செய்த ஒரு சீனர். அவருக்குக் காலில் உணர்ச்சியும் போய் பலமும் போயிருந்தது. தீட்டின வெள்ளையரிசியை மட்டும் தின்று வருகிற நோய் அது, தவிடு தின்றால் தீரும் என்று டாக்டர் சொன்னார். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது பாசார் மலாய் என்கிற கடைத்தெருப் பேச்சில் நாற்பது வார்த்தை. அதை வைத்துக்கொண்டு நாள் முழுக்கப் பேசினோம். எனக்குக் கை, அவருக்குக் கால், இரண்டையும் சேர்த்தால் ஒரு முழு ஆள் தேறும் என்று அவர் ஜாடையில் காட்டியபோது மிஸ்ஸி கூடச் சிரித்துவிட்டாள். நர்சுகளை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்.

ஆஸ்பத்திரிச் சோறு எனக்கு இறங்கவில்லை. குஞ்சம்மாள் மிஸ்ஸியிடம் கெஞ்சி அனுமதி வாங்கிக்கொண்டாள். அன்றிலிருந்து தினமும் மத்தியானம் அவ்வளவு தூரம் நடந்து, குழைந்த சோறும் ஈயச்சொம்பில் ரசமும் கொண்டுவருவாள். அவள் ஊரில் ரசம் என்றால் ஈயச்சொம்பில் வைத்தால்தான் ரசம். சொம்பைத் துணியில் சுற்றி இடுப்பில் இடுக்கிக்கொண்டு வருவாள், சூடு ஆறாமல் இருக்கும். அவிழ்த்ததும் மிளகும் புளியும் மணந்து வார்டே திரும்பிப் பார்க்கும். கட்டிலின் ஓரத்தில் நின்றுகொண்டே பிசைந்து எனக்கு ஊட்டுவாள். என் கை தொங்குவதால் அல்லவா இதெல்லாம் என்று ஒரு பக்கம் வெட்கம். இன்னொரு பக்கம், சொல்லத்தான் வேண்டும், கல்யாணமாகி ஆறு வருஷத்தில் நான் அவ்வளவு சுகமாக இருந்ததில்லை. சொம்பைச் சாய்த்துக் கடைசி மண்டியைக்கூடக் குடிப்பேன். உடம்பு தேற ரசம்தான் மருந்து என்று அவள் நம்பினாள். நானும்தான்.

தேறவில்லை. முதல் நாட்களில் அடங்கியிருந்த வயிற்றுவலி மூன்றாம் வாரம் திரும்பி வந்தது. நாலாம் வாரம் ஒரு நாள் காலை பால் டம்ளரை எடுக்க இடது கையை நீட்டினேன். நடுவிரலும் மோதிரவிரலும் எழும்பவில்லை.

அந்தக் காலையை என்னால் விவரிக்க முடியாது. டாக்டரிடம் காட்டியபோது அவர் முகம் மாறிற்று. வார்டிலிருந்து நழுவி அச்சுக்கூடத்துக்குப் போய்வருகிறீரா என்று கேட்டார். எனக்குத் தலைக்கேறிவிட்டது. தொங்குகிற இரண்டு கையை வைத்துக்கொண்டு எந்த மடையன் எழுத்து கோக்கப் போவான் என்று இரைந்தேன். மறுநாள் சுற்றிப்பார்க்க வந்த வெள்ளைக்காரப் பெரிய டாக்டர் என் முதுகுத் தேமலைப் பார்த்தார், கையைப் பார்த்தார், இங்கிலீஷில் ஏதோ சொன்னார். ஈயம் நின்றும் நோய் ஏறுகிறதென்றால் வேறு நோயும் இருக்கலாம், பெருவியாதிக் கிருமி இருக்கிறதா என்று பார்த்துவிடலாம் என்பதாம். காது மடலையும் தேமலையும் லேசாகக் கீறிச் சுரண்டி எடுத்துக்கொண்டு போனார்கள். என் கட்டிலை வராந்தாவின் கோடிக்கு நகர்த்தினார்கள்.

முடிவு வர ஆறு நாள் ஆயிற்று. சீனர் தூரத்திலிருந்து கையை ஆட்டுவார். குஞ்சம்மாள் மட்டும் ஒரு நாள் தவறாமல் அதே நேரத்துக்கு வந்தாள். வராந்தாவுக்கு ஏன் மாற்றினார்கள் என்று அவள் கேட்கவேயில்லை. மூன்றாம் நாள் ஊட்டிக்கொண்டே சொன்னாள்:

"உங்களை அங்க கொண்டுபோறதா இருந்தா, எனக்கும் அந்த நோவு இருக்குன்னு சொல்லிடப் போறேன். ஊசியால குத்தினா தெரியலைன்னு சொன்னா போதும்ல?"

பைத்தியமே என்று திட்ட நினைத்தேன். திட்ட வரவில்லை, அழுகைதான் வந்தது.

ஏழாம் நாள் டாக்டர் வேகமாக வராந்தாவுக்கு வந்தார். கிருமி இல்லை, தேமல் வெறும் தேமல்தான் என்றார். மகிழ்ச்சிப்படக்கூட எனக்குத் தெம்பில்லை. அப்படியானால் கை ஏன் விழுகிறது? அவருக்கும் அதே கேள்விதான். கட்டிலில் உட்கார்ந்து ஒரு தாளை எடுத்தார். "நான் காரணத்தைச் சரியாப் பிடிச்சிட்டன். அது வாற வழியைத்தான் பிழையாப் பிடிச்சிட்டன் போலை," என்றார். விடிந்ததிலிருந்து நான் வாயில் வைக்கிற ஒவ்வொன்றையும் சொல்லச் சொன்னார். சொல்லிக்கொண்டு வந்தேன். ஆஸ்பத்திரிப் பால், ஆஸ்பத்திரிக் கஞ்சி, மருந்து. மத்தியானம்? வீட்டுச் சாப்பாடு என்றேன். அதற்குள் குஞ்சம்மாளே வந்துவிட்டாள்.

டாக்டர் எழுந்து அவளுக்கு வழிவிட்டு நின்றார். அவள் துணியை அவிழ்த்தாள். இது என்ன பாத்திரம் என்று அவர் கேட்டார். அவர்கள் நாட்டில் இந்த வழக்கமில்லை போலிருக்கிறது. குஞ்சம்மாளுக்குப் பெருமை. ஈயச்சொம்பு, அடுப்பில் வெறுமனே வைத்தால் உருகிவிடும், ரசத்தை ஊற்றித்தான் ஏற்றவேண்டும், எங்கள் பக்கம் இது இல்லாத வீடு கிடையாது என்று விவரமாகச் சொன்னாள். அவர் சொம்பைக் கேட்டு வாங்கி, ரசத்தைக் கிண்ணத்தில் ஊற்றிவிட்டு, விளிம்பைத் துடைத்தார். கையிலிருந்த தாளில் விளிம்பை வைத்து அழுத்தி இழுத்தார்.

தாளில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு விழுந்தது.

சொம்பு வார்க்கிற நல்ல வெள்ளீயம் அப்படிக் கோடு போடாது. அந்தக் கோடு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும். அச்சு எழுத்தைத் தாளில் உரசினால் விழுகிற கோடு அது. பதினொரு வருஷமாகப் பார்த்த கோடு.

அந்தச் சொம்பு வந்த கதையை இங்கே சொல்லியாகவேண்டும். நாலு வருஷத்துக்கு முன்னால் குஞ்சம்மாள் ஓர் ஈயச்சொம்பு வேண்டுமென்று கேட்டாள். இந்த ஊரில் ஈயத்துக்கா பஞ்சம் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு, ஒரு சின்ன வெள்ளீயக் கட்டி வாங்கினேன். பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிற சாயபு ஒருவர் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் வருவார். சொம்பும் வார்த்துத் தருவார். இந்தக் கட்டி போதாது என்றார் அவர். அச்சுக்கூடத்தில் தேய்ந்த எழுத்துகளை உருக்கப் போட்டுவைக்கிற வாளி ஒன்று உண்டு. அதிலிருந்து தினம் ஒரு பிடி சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்து கொடுத்தேன். சாயபு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்து, தம்பி, இதில் காரீயம் இருக்கிறது, சாப்பாட்டுப் பாத்திரத்துக்கு ஆகாது என்று சொன்னார். சொன்னார், நான்தான் கேட்கவில்லை. எழுத்தோடு பிழைக்கிறவனுக்கு எழுத்தைப் பற்றி நீர் பாடம் சொல்லவேண்டாம் என்று வாயை அடைத்தேன். குஞ்சம்மாளுக்கு இதெல்லாம் தெரியாது. பளபளவென்று சொம்பு வந்ததும் அவள் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வாளியிலிருந்து எடுத்ததை நான் அதோடு மறந்தும்போனேன்.

புளிப்பு ஈயத்தைக் கரைக்கும். கொதிக்கிற புளி இன்னும் வேகமாகக் கரைக்கும். அச்சுக்கூடத்தில் விரல் வழியாகக் கொஞ்சம் ஏறியது. ரசத்தில் சொம்புசொம்பாக ஏறியது. வார்டில் படுத்துக்கொண்டு, தினமும் மருந்து ஒரு அவுன்ஸும் விஷம் ஒரு சொம்புமாகக் குடித்திருக்கிறேன்.

அந்தச் சொம்பு நின்ற பத்தாம் நாள் என் வயிறு அடங்கிவிட்டது. இடது கை ஒன்றரை மாதத்தில் எழுந்தது. வலது கைக்கு எட்டு மாதம் ஆயிற்று. மின்சாரப் பெட்டி வைத்துத் தசையைத் துடிக்க வைத்தார்கள், பிடித்து விட்டார்கள், நான் பல்லைக் கடித்துக்கொண்டு தினமும் ஆயிரம் தடவை விரலை நீட்டப் பார்த்தேன். இப்போது கோக்கிற வேலைக்குப் போவதில்லை. அதே அச்சுக்கூடத்தில் பிழை திருத்துகிறேன். வெற்றிலையைத் தொடுவதற்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவுகிறேன். எழுத்தை எவனாவது உதட்டில் கவ்வினால் பிடறியில் ஒன்று வைக்கிறேன். அச்சு ஈயத்தை வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். உங்கள் சொம்பின் விளிம்பைத் தாளில் ஒரு தடவை இழுத்துப் பாருங்கள். கோடு விழுந்தால் அதில் சமைக்காதீர்கள். நான் இதை எழுத உட்கார்ந்தது இதைச் சொல்லத்தான்.

ஆனால் அந்த மத்தியானம் அதோடு முடியவில்லை.

டாக்டர் தாளில் விழுந்த கோட்டைப் பார்த்துக்கொண்டே குஞ்சம்மாளிடம், அவளும் இந்த ரசம்தானே சாப்பிடுகிறாள் என்று கேட்டார். ஆமாம் என்றாள். வயிறு வலிக்குமா? வலிக்கும், யாரிடம் சொல்வது என்றாள். நாலு வருஷம் கூடப் படுத்திருந்தவன் நான், எனக்கு அது தெரியாது. பிள்ளைகள் எத்தனை என்று கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டு, ரெண்டு வந்துச்சு, தங்கல என்றாள். எப்போது என்றார். சொன்னாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வேண்டிய அளவுக்கு மேலேயே துடைத்தார். பிறகு அவளை நேராகப் பார்த்துச் சொன்னார்: "பிள்ளை, ஈயம் வயித்திலை இருந்தால் கரு தங்காது. ஈய வேலை செய்யிற பெண்கள் கனபேருக்கு இப்பிடி நடந்திருக்கு. உமக்கும் அதுதான் நடந்திருக்கு எண்டு நினைக்கிறன்."

அவர் போன பிறகு நான் சாயபு சொன்னது, நான் அவர் வாயை அடைத்தது, சட்டைப்பையில் எழுத்து கொண்டுவந்தது எல்லாவற்றையும் ஒன்று விடாமல் அவளிடம் சொன்னேன். இவள் என்னைத் திட்டவேண்டும், ரசத்தைத் தூக்கி முகத்தில் ஊற்றவேண்டும் என்று இருந்தது. அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். நாலு பேர் பார்க்கிற இடத்தில் என் பக்கத்தில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. "அப்ப எம்மேல ஒண்ணும் இல்லியா?" என்று கேட்டாள்.

"உம்மேல ஒண்ணும் இல்லே. நான்தான்."

அவள் அழுதாள். என்மேல் கோபத்தில் அழவில்லை என்பது எனக்குத் தெரிந்தது, அதுதான் தாங்கவில்லை. ஊரில் என் அம்மா யாரையாவது எழுதவைத்து மாதம் ஒரு கடிதம் போடுவாள். முதல் பிள்ளை போனதும் ஜாதகத்தைப் பார்க்கச் சொன்னாள், இரண்டாவது போனதும் இவளை ஊருக்கு அனுப்பிவிட்டு வேறு பெண் பார்க்கலாம் என்று எழுதுவித்தாள். நான் பதில் போடாமல் இருந்தேன், அதுவே பெரிய தயவு என்று நினைத்துக்கொண்டு. அந்தக் கடிதங்களை எல்லாம் அவளுக்கும் நான்தான் படித்துக் காட்டினேன், அவளுக்கு எழுத்து தெரியாது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "உங்க அம்மாவுக்கு எழுதுங்க."

கை நேராகட்டும், எழுதுகிறேன் என்றேன். வேறு யாரையாவது எழுதச் சொல்லட்டுமா என்றேன்.

"உங்க கையெழுத்தா இருக்கணும். இப்பவே எழுதுங்க. ஊர்ல தபால்காரர்தான் வாசிச்சுக் காட்டுவார். அவர் சத்தமாத்தான் வாசிப்பார். தெருவே கேக்கட்டும்."

டாக்டர் விட்டுப்போன தாளில் அந்தச் சாம்பல் கோட்டுக்குக் கீழே இடம் இருந்தது. மிஸ்ஸியிடம் பென்சில் கேட்டு வாங்கிவந்தாள். பலகைத்துண்டு கட்டிய என் வலது கை விரல்களுக்குள் அதைச் செருகி, நழுவாமல் தன் கையால் பிடித்துக்கொண்டாள். நாலு வரி எழுத மத்தியானம் முழுக்க ஆயிற்று. கோழி கிளறிய மாதிரி எழுத்து. இரண்டு பிள்ளையும் போனதற்கு இவள் காரணமில்லை. நான் அச்சுக்கூடத்திலிருந்து கொண்டுவந்த ஈயம் காரணம். வேண்டாம் என்று சொன்னவர் பேச்சையும் நான் கேட்கவில்லை. குற்றம் உன் மகனுடையது.

முடித்ததும் படித்துக் காட்டச் சொன்னாள். மெதுவாகப் படித்தேன்.

"இப்படி இல்லே," என்றாள். "தபால்காரர் வாசிக்கிற மாதிரி வாசிங்க."

வார்டு முழுக்கக் கேட்கும்படி வாசித்தேன்.